ஃபூ மியில் கப்பல் நிற்கும், சைகோன் போய்வர நேரம் இருக்குமா?

சுற்றுலாக் கப்பல் கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் பயணத்திட்டத்தில் "ஹோ சி மின் நகரம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும், பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் "ஃபூ மி" என்று பொடி எழுத்தில் இருக்கும். கப்பல் நிற்பது அந்தப் பொடி எழுத்து ஊரில்தான். அங்கிருந்து சைகோன் (வியட்நாமின் ஹோ சி மின் நகரத்துக்குப் பழைய பெயர், எங்கள் வீட்டில் இன்னும் யாரும் ஹோ சி மின் என்று சொல்வதில்லை) ஏறத்தாழ 75 கிலோமீட்டர். அடுத்த வரியில் "பாங்காக்" என்று போட்டிருப்பார்கள், அது லேம் சபாங் துறைமுகம், பாங்காக்கிலிருந்து 130 கிலோமீட்டர் போலத் தள்ளி. ஐரோப்பாவிலும் இதே கதைதான். ரோம் என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது சிவிதாவெக்கியாவில், 80 கிலோமீட்டர். பாரிஸ் என்றால் லே ஆவ்ர், 200 கிலோமீட்டர். பெர்லின் என்றால் பால்டிக் கடலோரத்து வார்னமுண்டே, அதுவும் 200-க்கு மேல். நம் ஊர்க் கணக்கில், கப்பலைத் தொண்டியில் நிறுத்திவிட்டு "திருச்சி வந்தாச்சு, இறங்குங்க" என்று சொல்வது மாதிரி.

தை மாதம் எங்கள் வீட்டில் இப்படி ஒரு கப்பலில் போகிறோம். சிங்கப்பூரில் ஏறி, ஃபூ மி, லேம் சபாங் இரண்டு இடத்திலும் பகலில் நின்று, திரும்பவும் சிங்கப்பூர். அப்பச்சி, ஆச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி, அக்காவை ஆச்சி என்போம்), ஆச்சி வீட்டுக்காரர், நான், என் மனைவி, பிள்ளைகள். டிக்கெட் போட்ட அன்றைக்கே வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது. இறங்கி உள்ளே போவதா, இல்லை துறைமுகத்தைச் சுற்றியே இருப்பதை வைத்துத் திருப்திப்பட்டுக்கொள்வதா. சாப்பாட்டு நேரத்தில் தொடங்கினால் கை காய்கிற வரை ஓடும். நானும் இதில் வாயைத் திறக்காமல் இருக்க முடியாது, ஏனென்றால் என் பிழைப்பே இதுதான். காரைக்குடிக்கு வருகிறவர்களுக்குக் கார், தங்க வீடு, சுற்றிப் பார்க்க வீடு என்று ஏற்பாடு செய்து கொடுக்கிறேன். "ஒரே நாளில் போய்விட்டுத் திரும்பிவிடலாமா" என்று உலகமே கேட்கிற உள்நாட்டு ஊர்களில் ஒன்றில் உட்கார்ந்திருப்பவன் நான். போகிறவர்களின் பக்கத்திலிருந்து எழுதியதுதான் எல்லா இடத்திலும் கிடைக்கிறது, அதனால் வந்து சேருகிற ஊரின் பக்கத்திலிருந்து இதை எழுதலாம் என்று தோன்றியது.

ஒரு தடவை போனில் ஒருவர் கேட்டார், கப்பல் கொச்சியில் காலையில் நிற்கிறதாம், சாயங்காலம் கிளம்புகிறதாம், நடுவில் செட்டிநாடு பார்க்க முடியுமா என்று. கொச்சியிலிருந்து மலை இறங்கி மதுரைக்கு வரவே 260 கிலோமீட்டருக்கு மேல், அங்கிருந்து இங்கே 90. "ஐயா, நீங்கள் வந்து சேரும்போது கப்பல் கிளம்பியிருக்கும்" என்றேன். அவருக்குக் கோபம். வரைபடத்தில் பார்த்தால் ஒரு விரற்கடைதானே என்றார். வேறு யாராவது காசை வாங்கிக்கொண்டு சரி என்று சொல்லியிருப்பார்களோ என்னவோ, நான் ஃபோர்ட் கொச்சியையும் மட்டாஞ்சேரியையும் சொல்லி வைத்துவிட்டேன்.

அது முடியாத காரியம், பேச்சே இல்லை. சிக்கலெல்லாம் முடியும், ஆனால் போகலாமா என்று நினைக்க வைக்கிற தூரத்தில்தான். அதற்கு எனக்குத் தெரிந்த உதாரணம் மதுரையிலிருந்து ஒரு நாள் பயணமாக இங்கே வருகிறவர்கள்.

மதுரை ஓட்டலில் காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு கிளம்பினால் இங்கே சேரும்போது பத்தரை ஆகிவிடும். கையில் ஒரு பட்டியல் இருக்கும். கானாடுகாத்தான் அரண்மனை, ஆத்தங்குடி பெரிய வீடு, டைல் பட்டறை, இலை போட்டுச் சாப்பாடு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள், ஆயிரம் ஜன்னல் வீடு, போகிற வழியில் பிள்ளையார்பட்டி. பட்டியலில் எதுவும் தப்பில்லை. ஆனால் முதல் வீட்டில் முகப்புத் தூணைத் தடவி "இது பர்மா தேக்கா, முழுசா ஒரே மரமா" என்று கேட்டவர், இரண்டாவது வீட்டில் போட்டோ மட்டும் எடுப்பார், மூன்றாவது வீட்டில் வளவுக்குள் (உள் முற்றம்) நுழைந்ததும் உட்கார நாற்காலி தேடுவார். இத்தனைக்கும் அந்த மூன்றாவது வீடுதான் மூன்றிலும் நல்ல வீடாக இருக்கும். இலைச் சாப்பாடு ஒன்றரை மணி நேரத்தை விழுங்கிவிடும், விழுங்கத்தான் வேண்டும், அதை அவசரமாகச் சாப்பிடுவதற்கு மதுரையிலேயே சாப்பிட்டிருக்கலாம். பிள்ளையார்பட்டியை வரும்போதே முடிக்காமல் திரும்பும்போது பார்க்கலாம் என்று விட்டவர்களுக்கு நடை சாத்தியிருக்கும், திறக்க நாலு மணி. அவர்களால் நாலு மணி வரை இருக்க முடியாது, மதுரையில் ரயில் இருக்கும், இல்லை விமானம் இருக்கும்.

அப்புறம் வெயில். பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் இந்த ஊர்த் தெருக்களைப் பார்ப்பவர்களுக்கு இவை ஆள் இல்லாத தெருக்களாகத்தான் தெரியும். காலை ஏழு மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டிருக்கும்போதோ, சாயங்காலம் ஊருணிக்கரையில் ஆட்கள் வந்து உட்காரும்போதோ இதே தெரு வேறு தெரு. ஒரு நாள் பயணத்தில் வருகிறவர்களுக்கு அந்த இரண்டு பொழுதும் கிடைப்பதே இல்லை, அந்த நேரத்தில் அவர்கள் நெடுஞ்சாலையில் இருப்பார்கள். கப்பலில் வந்து உள்ளே போகிறவர்களுக்கும் இதேதான். எந்த ஊராக இருந்தாலும் அவர்களுக்குக் கிடைப்பது அந்த ஊரின் நடுப்பகல்.

இப்படிச் சொல்வதால் யாரும் வரவே கூடாது என்று நினைக்கிறேன் என்று அர்த்தமில்லை. பெங்களூரில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு தம்பதி ஆத்தங்குடி டைல் பார்க்க என்றே மதுரையிலிருந்து காரில் வந்தார்கள். அரண்மனைக்குக் கூட்டிப்போகட்டுமா என்றேன், வேண்டாம் என்றுவிட்டார்கள். பட்டறையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் அதற்குரிய வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்கி, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டுவார்கள். காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும், அதன் பிறகு கண்ணாடி தானாகக் கழன்றுவிடும், டைலின் முகம் கண்ணாடி மாதிரியே வழவழவென்று இருக்கும். சூளையும் கிடையாது, பாலிஷும் கிடையாது. அந்த அம்மா ஒரு டைலுக்குத் தானே வண்ணம் ஊற்றிப் பார்த்தார், பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே திருத்திவிட்டார். சாயங்காலம் கிளம்பும்போது அவர்கள் முகத்தில் இருந்த நிறைவு, ஏழு இடம் பார்த்துவிட்டுப் போகிறவர்களிடம் நான் பார்த்ததில்லை. அவர்களும் நான்கு மணி நேரம் ரோட்டில்தான் இருந்தார்கள்.

அதிலிருந்து நான் வருகிறவர்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான், "இங்கே எதைப் பார்க்க வருகிறீர்கள்?" அதற்கு ஒரே வரியில் பதில் வந்தால் தைரியமாக வாருங்கள் என்பேன். "செட்டிநாடு பார்க்க" என்றால் ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி வாருங்கள் என்பேன். இங்கே எழுபதுக்கு மேல் ஊர் இருக்கிறது, அதில் எதைப் பார்க்க?

சரி, எங்கள் கப்பலுக்கு வருகிறேன். அப்பச்சி பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாயால் பேசுவதை நம்ப மாட்டார். தேதித்தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு பற்று வரவு எழுத உட்கார்ந்துவிட்டார். வரவுப் பக்கம் ஒரே வரி: கப்பல் காலை 8-க்கு நின்று மாலை 6-க்குக் கிளம்புகிறது, 10 மணி நேரம். பற்றுப் பக்கம்தான் நீளம். 8-க்குக் கப்பல் கட்டப்பட்டால் 8-க்கு நாம் இறங்க முடியாது, துறைமுக அதிகாரிகள் ஏறிப் பார்த்து அனுமதி கொடுக்க வேண்டும், பிறகு கப்பலின் சொந்தச் சுற்றுலா பஸ்களுக்கு டிக்கெட் எடுத்தவர்களை முதலில் இறக்குவார்கள், அதற்கு ஒரு மணி நேரம். சாயங்காலம் கப்பல் கிளம்புவதற்கு அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ முன்னாலேயே எல்லாரும் மேலே இருக்க வேண்டும், அதற்கும் ஒன்று. சாலை போக 2, வர 2. வழியில் லாரி நெரிசல், டயர், மழை, எவனோ எங்கேயோ இடித்துக்கொண்டது என்று கைக்காப்பாக ஒன்று. கூட்டிப் பார்த்தால் 7 போய்விட்டது. மீதி 3.

லேம் சபாங்குக்கும் அதே கணக்கைப் போட்டார். அங்கே சாலை நன்றாக இருக்கிறது, ஆனால் பாங்காக் நகரத்துக்குள் நுழைந்த பிறகு நகராது. போக இரண்டரை, வர இரண்டரை என்று வைத்தால் கையில் நிற்பது 2 மணி நேரம். அதில் சாப்பாடும் கழிப்பறையும் கழிய வேண்டும். அரண்மனை வாசலில் டிக்கெட் வரிசையில் நிற்கத்தான் சரியாக இருக்கும்.

நான் தொழிலில் வைத்திருக்கிற அளவுகோல், ரோட்டில் இருக்கிற நேரத்தைவிட ஊரில் இருக்கிற நேரம் குறையக் கூடாது என்பது. அதன்படி பார்த்தால் பாங்காக் மட்டுமல்ல, சைகோனும் தேறவில்லை. நான் அதைச் சொன்னதும் அப்பச்சி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் பேச்சு வந்தது.

எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியைப் பெற்றவர், சைகோனில் இருந்தவர். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்று கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனார்கள். ஐயா கடையில் கீழ்ப்படியான பெட்டியடிப் பையனாகப் போய் அடுத்தாளாக உயர்ந்தவர், கடைப் பொறுப்பைப் பார்க்கிற மேலாள் ஆவதற்கு முன்னால் ஊர் திரும்பிவிட்டார். வியட்நாம் அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து போன தமிழர்கள் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தார்கள், நம் ஆட்கள் வட்டிக்கடை வைத்திருந்தார்கள். நெல் விளைகிற நாடு, நிலத்தின் மேல் கடன் கொடுத்தார்கள், 1930-களில் நெல் விலை விழுந்தபோது கடனும் வரவில்லை, நிலத்தை எடுத்துக்கொண்டதில் கெட்ட பெயரும் வந்தது. அதைப் பற்றி ஐயா பெருமையாகப் பேசியதில்லை என்பார் அப்பச்சி. கோயிலைப் பற்றித்தான் பேசுவாராம். கடை போட்ட இடத்தில் எல்லாம் நம் ஆட்கள் முதலில் கட்டியது தண்டாயுதபாணிக்கு ஒரு கோயில், சைகோனிலும் இருக்கிறது, தொன் தாத் தியெப் தெருவில். இன்னும் சற்றுத் தள்ளி பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில், அதற்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்போது வியட்நாம்காரர்கள்தான், வேண்டிக்கொண்டால் நடக்கும் என்று ஊதுபத்தியும் பூவுமாக வருவார்களாம். நாம் கட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டோம், அம்மனை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

அப்பச்சிக்கு 78 வயது. சைகோனில் அவருக்கு வேண்டியது அந்தத் தெருவில் நிற்பது, கோயிலைப் பார்ப்பது, அவ்வளவுதான். நடுப்பகலில் போய்ச் சேருவோம், நடை சாத்தியிருந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். "வாசலில் நின்னு கும்பிட்டுட்டு வர்றேன்" என்றார். இரண்டு கோயிலும் நகரத்தின் மையத்திலேயே, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒரு கிலோமீட்டர் போல, மெதுவாக நடந்தாலும் எட்டிவிடும். இந்த ஆளுக்கு 3 மணி நேரம் தாராளம். என் அளவுகோலைக் கொண்டுபோய் இவரிடம் நீட்டுவதில் அர்த்தமில்லை என்று விட்டுவிட்டேன்.

பாங்காக்கில் எதைப் பார்க்க என்று அதே கேள்வியைக் கேட்டேன். மகன் "மால்" என்றான். மனைவி "அந்தப் படுத்திருக்கிற புத்தர்" என்றாள், கொஞ்சம் யோசித்து "நிற்கிறதும் இருக்கோ?" என்றாள். முடிந்தது.

இதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் உள்ள இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதைப் போடாமல் யாரும் முடிவெடுக்க வேண்டாம். திருச்சி விமான நிலையம் நமக்கு இரண்டு மணி நேரத்துக்குள். அங்கிருந்து கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பஸ் மாதிரி விமானம் போகிறது. எந்த ஊருக்குத் திருச்சியிலோ சென்னையிலோ ஏறி நேரே இறங்க முடியுமோ, அந்த ஊருக்காகக் கப்பலிலிருந்து நாலு மணி நேரம் பஸ்ஸில் போய் வேர்த்து வழிய வேண்டியதில்லை. பாங்காக்கும் கோலாலம்பூரும் இன்னொரு நாள் போகிற ஊர்கள். வாழ்நாளில் ஒரே முறை அந்தக் கடற்கரைக்கு வரப்போகிறோம் என்றால் மட்டும் கஷ்டப்பட்டுப் போகலாம். ஆச்சி வீட்டுக்காரர் இந்த இடத்தில் என்னை மடக்கினார்: திருச்சியிலிருந்து சைகோனுக்கே 2023-இல் நேரடி விமானம் விட்டார்களே, அது தெரியாதா உனக்கு என்று. தெரியும். நான் தனியாகப் போவதாக இருந்தால் விமானத்தில்தான் போவேன், மூன்று நாள் தங்குவேன், காலையில் அந்தத் தெருவில் காபி குடிப்பேன். ஆனால் அப்பச்சி ஒரு கோயிலுக்காக விமானம் ஏற மாட்டார், அந்தச் செலவு அவருக்குத் தூக்கம் வராமல் செய்துவிடும். கப்பலில் அவருடைய கட்டிலும் மாத்திரையும் மருத்துவரும் கூடவே வருகிறார்கள், ஒரு பகல் மட்டும் அலைந்துவிட்டு அதே கட்டிலில் வந்து படுத்துக்கொள்ளலாம். வயதானவர்களுக்குக் கப்பல் நல்லது என்று நான் நினைப்பதற்கு இது ஒன்றுதான் காரணம், அதில் கிடைக்கிற சாப்பாடு இல்லை.

போவது என்று ஆனபின் எதில் போவது. கப்பலின் சொந்தச் சுற்றுலா எடுத்தால், பஸ் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும், காத்திருக்க முடியாமல் போனாலும் அடுத்த துறைமுகத்தில் நம்மைச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. விலை அதிகம். போகிற இடங்களோ நோட்ர டாம் தேவாலயம், அதன் எதிரே பிரெஞ்சுக்காரர்கள் 1891-இல் கட்டி முடித்த தபால் ஆபீஸ், பழைய அதிபர் மாளிகை, போர் அருங்காட்சியகம், பென் தான் சந்தை என்று அவர்களுடைய பட்டியல், நம் தண்டாயுதபாணிக்கு அதில் இடமில்லை. மூன்றாவது வீட்டில் நாற்காலி தேடுகிற கதை இங்கேயும் நடக்கும். சொந்தமாக வண்டி பேசினால் நாலைந்து பேருக்கு மலிவாக முடியும், இஷ்டப்பட்ட இடத்தில் நிற்கலாம். ஆனால் நேரத்துக்குத் திரும்பாவிட்டால் கப்பல் போய்விடும், அடுத்த துறைமுகம் வரை சொந்தச் செலவில் போய்ச் சேர வேண்டும், அதுவும் வேறு நாடு. நான் கார் ஏற்பாடு செய்கிற தொழிலில் இருப்பவன், என்னாலேயே முன்பின் தெரியாத ஊரில், தெரியாத டிரைவரை நம்பி, 78 வயது அப்பாவை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

பலருக்குத் தெரியாத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. பல கப்பல்களில் வழிகாட்டி இல்லாத வெறும் பஸ் ஒன்று விற்பார்கள். நகரத்தின் நடுவில் இறக்கிவிட்டு, இத்தனை மணிக்கு இதே இடத்துக்கு வா என்று சொல்லிவிடுவார்கள். அது கப்பலின் பஸ் என்பதால் தாமதமானால் அவர்கள் பொறுப்பு, நடுவில் உள்ள நேரம் நம் பொறுப்பு. சுற்றுலாவைவிட விலையும் குறைவு. எதற்குப் போகிறோம் என்று தெரிந்தவர்களுக்கு இதுதான் சரி. தெரியாதவர்கள் இதில் போனால் சந்தையில் நுழைந்து காந்தம் ஒட்டிய பொம்மை வாங்கிக்கொண்டு வருவார்கள். எடுப்பதற்கு முன் எந்த இடத்தில் இறக்குவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள், அங்கிருந்து போனில் கூப்பிடுகிற கிராப் வாடகைக் கார் பிடிக்கலாம், சைகோனில் எங்கும் கிடைக்கும்.

கடிகாரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை, இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் நேரம் வியட்நாம், தாய்லாந்து இரண்டையும்விட ஒரு மணி நேரம் முன்னால். சில கப்பல்கள் உள்ளூர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும், சில கப்பல்கள் கிளம்பிய ஊர் நேரத்திலேயே ஓடும். கப்பல் மாறாமல் இருந்து, கரை இறங்கியதும் நம் போன் மட்டும் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிட்டால், போனில் 4 என்று இருக்கும்போது கப்பலில் 5. பெட்டிக்கடையில் இளநீர் குடித்துக்கொண்டு "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு" என்று உட்கார்ந்திருப்போம். அப்பச்சி கையில் பழைய சாவி கொடுக்கிற கடிகாரம் கட்டியிருப்பார், அதைக் கப்பல் நேரத்துக்கு வைத்துவிட்டு அதை மட்டும் பார்ப்பது என்று முடிவு.

தேதியையும் பாருங்கள். வியட்நாமில் டெட் என்கிற புத்தாண்டு ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் வரும், அந்த நாட்களில் கடை கண்ணி பாதி சாத்தியிருக்கும். எங்கள் தேதி அதற்கு முன்னால் விழுந்துவிட்டது.

ஆச்சி வரவில்லை. குடும்பத்தோடு கிளம்பிவிட்டு ஆளுக்கொரு பக்கமாகப் போவதா என்று ஆச்சி வீட்டுக்காரர் வருத்தப்பட்டார், நம் வீடுகளில் பத்துப் பேர் போனால் பத்துப் பேரும் ஒரே வரிசையில் போய் ஒரே வரிசையில் களைத்துத் திரும்ப வேண்டும் என்று ஒரு பழக்கம். ஆச்சிக்கு அதெல்லாம் இல்லை. "நீங்க போய்ட்டு வாங்கப்பா. கப்பல்ல கூட்டம் இல்லாத ஒரே நாள் அதுதான், நான் படுத்துத் தூங்குறேன்" என்றது. உண்மைதான். துறைமுகத்தில் நிற்கிற பகலில் கப்பலில் நீச்சல் குளத்தில் ஆள் இருக்காது, சாப்பாட்டுக் கூடத்தில் வரிசை இருக்காது. உள்ளே போகாமல் இருப்பவர்கள் எதையும் இழந்துவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை, அவர்களும் அந்த நாளுக்குத்தான் காசு கொடுத்திருக்கிறார்கள். சும்மா காற்று வாங்க வேண்டும் என்றால் ஃபூ மியிலிருந்து வுங் தாவ் என்கிற கடற்கரை ஊர் சைகோனைவிடக் கிட்டம், மலை மேல் கையை விரித்தபடி ஒரு பெரிய ஏசு சிலை இருக்கிறது. ஆச்சி வீட்டுக்காரர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போவதாகச் சொல்லியிருக்கிறார். லேம் சபாங்கிலும் பட்டாயா பக்கத்திலேயே இருக்கிறது, அன்றைக்கு மனநிலையைப் பொறுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மற்ற துறைமுகங்களைப் பற்றியும் சிலர் கேட்டிருப்பதால் சுருக்கமாக. பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுன் ஓரத்திலேயே நிற்கும், அங்கே இந்தக் கேள்வியே எழாது, இறங்கி நடந்தால் பினாங்கு வீதியில் நம் கோயில் வீடு. கோலாலம்பூருக்கான போர்ட் கிள்ளானில் நின்றால் பத்துமலை ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட, 272 படி, 42.7 மீட்டர் முருகன். முதல் தடவை போகிறவர்களுக்குத் தாராளமாகப் போகலாம், அரை நாளில் திரும்பிவிடலாம், ஆனால் அதோடு சேர்த்து இரட்டைக் கோபுரத்தையும் பார்த்துவிடலாம் என்று ஆசைப்பட்டால் சாலை நெரிசலில் இரண்டும் அரைகுறையாகும். சென்னையிலிருந்து 2023-இல் இலங்கைக்குக் கப்பல் சுற்றுலா விட்டபோது காரைக்குடியிலிருந்தும் ஆட்கள் போனார்கள். அம்பாந்தோட்டையில் நின்றால் கதிர்காமம், காங்கேசன்துறையில் நின்றால் யாழ்ப்பாணமும் நல்லூரும், எல்லாம் கிட்டத்தில். திருகோணமலையில் நின்றால் சிகிரியா பாறைக்கோட்டை 100 கிலோமீட்டர், ஏறி இறங்கவே பாதி நாள் போய்விடும். கோணேஸ்வரம் ஊருக்குள்ளேயே கடல் மேல் பாறையில் இருக்கும்போது எனக்கென்னவோ அதை விட்டுவிட்டு சிகிரியாவுக்கு ஓட மனம் வராது. சின்ன வயசுக்காரர்கள் ஓடலாம்.

விசா வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. வியட்நாமுக்கு இந்தியர்களுக்கு இ-விசா வேண்டும், கப்பலை விட்டு இறங்காத ஆச்சிக்கும் எடுக்க வேண்டுமா என்பதைக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், விசா இல்லை என்று சிங்கப்பூரிலேயே ஏற்றாமல் விட்டுவிட வாய்ப்பு உண்டு. சிங்கப்பூருக்கும் இரண்டு தடவை நுழைகிறோம், அதற்கேற்ற விசாவா என்று பார்க்க வேண்டும். வியட்நாம் படிவத்தில் எந்தத் துறைமுகம் வழியாக நுழைகிறீர்கள் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் நம் இஷ்டத்துக்கு ஹோ சி மின் என்று போட்டுவிடக் கூடாது, கம்பெனி சொல்கிற பெயரைத்தான் போட வேண்டும். அப்பச்சி பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, படிவம் காலியாக விட ஒத்துக்கொள்ளவில்லை, ஆச்சி மகன் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். சைகோன் பஸ்ஸுக்கு எங்கள் மூன்று பேருக்கும் இடம் போட்டாயிற்று. லேம் சபாங்குக்கு ஒன்றும் போடவில்லை.